செய்தியில் 38 டிகிரி, வியாசர்பாடி வீட்டுக்குள் எத்தனை?

ஏப்ரல் பாதி தாண்டினால் போதும், "சென்னையில் இன்று 38 டிகிரி" என்று டிவியில் அடியில் ஒரு வரி ஓட ஆரம்பித்துவிடும். வடசென்னையின் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஷீட் போட்ட வீட்டில் பிற்பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த எண் நம்பும்படி இருக்காது. அதே தெருவில் ஹவுசிங் போர்டு கட்டடத்தின் கடைசி மாடியில் இருப்பவருக்குப் பகல் ஓரளவு தாங்கும், ராத்திரி பதினொரு மணிதான் தாங்காது. காசிமேட்டில் கடலுக்கு எதிரே இருப்பவர் "ஒரு மணிக்கு மேல காத்து வந்துடும், அப்புறம் பரவாயில்ல" என்பார். மூவர் சொல்வதும் உண்மை. செய்தியில் வந்த 38 டிகிரியும் உண்மை.

வெயில் எல்லாருக்கும் ஒன்றுதான். அது விழும் பொருள் வேறு. தகரம், கான்கிரீட், கடல்நீர், மணல், தார், இரும்பு, ஐஸ் என ஒவ்வொன்றும் வெப்பத்தைத் தன் வழியில் வாங்கி, தன் வழியில் வைத்திருந்து, தன் நேரத்தில் வெளியே விடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் எந்த வீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும், அரசின் வெப்ப எச்சரிக்கை ஏன் சில வீடுகளைத் தொடாமலே போகிறது என்பதும் தெரியும்.

அந்த 38 எதை அளக்கிறது?

சென்னைக்கென்று செய்தியில் வரும் வெப்பநிலை, நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் உள்ள வானிலை நிலையங்களில் அளக்கப்படுவது. வெள்ளையடித்த, நாலு பக்கமும் காற்று புகும் சட்டங்கள் வைத்த ஒரு மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஆள் மார்பளவு உயரத்தில் வெப்பமானி இருக்கும். நேர் வெயில் அதன்மேல் படாது. சுவரும் கூரையும் வீசும் அனலும் அதற்குப் படாது. நிழலில் இருக்கும் காற்றின் வெப்பநிலை மட்டும்தான் அந்த எண். உலகம் முழுவதும் இப்படித்தான் அளக்கிறார்கள். ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட இந்த முறைதான் சரி. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானதை இன்றைய நாளோடு ஒப்பிட முடிவது இதனால்தான்.

ஆனால் மனிதர் யாரும் அந்தப் பெட்டிக்குள் குடியிருப்பதில்லை. மே மாத நண்பகலில், மேகமில்லாத வானத்தின் கீழ், சென்னையின் ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் சுமார் 900 முதல் 1,000 வாட் வெயில் விழுகிறது. பத்துக்குப் பத்து அடி அறையின் கூரைமேல் ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்பதைச் சேர்ந்தாற்போல் போட்ட கணக்கு. அந்த ஒன்பதில் எத்தனை நம் தலைக்குமேல் இறங்குகிறது என்பதைக் கூரைதான் தீர்மானிக்கிறது.

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு

குடத்திலும் டம்ளரிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் நிற்கலாம், ஆனால் அளவு ஒன்றாகாது. வெப்பநிலை அந்த உயரம், வெப்பம் உள்ளே இருக்கும் மொத்த அளவு. 60 டிகிரியில் இருக்கும் தகரமும் 60 டிகிரியில் இருக்கும் கான்கிரீட்டும் வெப்பமானிக்கு ஒன்றுதான், வீட்டுக்குள் இருப்பவருக்கு ஒன்றல்ல.

ஒரு பொருள் வெப்பத்துக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஐந்து குணங்கள் முடிவு செய்கின்றன.

1. தன்வெப்ப ஏற்புத்திறன். ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் இது. தண்ணீருக்கு 4.18 கிலோஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வேண்டும். அலுமினியத்துக்கு 0.90, கான்கிரீட்டுக்கு ஏறக்குறைய 0.88, இரும்புக்கு 0.45, செம்புக்கு 0.39 போதும். நாம் அன்றாடம் புழங்கும் பொருள்களில் தண்ணீரைப்போல் சூடேறத் தயங்குவது வேறில்லை.

2. கடத்துதிறன். ஒரு பக்கம் வாங்கிய சூட்டை மறுபக்கம் எவ்வளவு வேகமாகக் கொண்டுபோகிறது என்பது. எஃகு, கான்கிரீட்டைப்போல் சுமார் 30 மடங்கு வேகமாகக் கடத்தும். அசையாமல் அடைபட்ட காற்றோ கான்கிரீட்டில் ஐம்பதில் ஒரு பங்குதான் கடத்தும். தெர்மோகோல் வேலை செய்வதும் அதற்குள் அடைபட்ட காற்றால்தான். நிழலில் உள்ள இரும்பு கேட்டும் மரக்கதவும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் தை மாத விடியலில் இரும்புதான் கைக்குச் சில்லென்று இருக்கும். கையின் சூட்டை அது வேகமாக இழுத்துக்கொள்வதே காரணம்.

3. வெயிலைத் திருப்புவதும் அனலை வீசுவதும். வெள்ளைப் பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், கறுப்பு விழுங்கும். இது எல்லாருக்கும் தெரிந்தது. பலர் கவனிக்காத மறுபாதி ஒன்று உண்டு. சூடேறிய பரப்பு அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசும். சுண்ணாம்பு, கான்கிரீட், ஓடு, பெயின்ட் எல்லாம் இதில் கெட்டி. பளபளக்கும் உலோகம் இதில் மட்டம்.

4. விரிவு. சூடு ஏறினால் பெரும்பாலான பொருள்கள் நீளும், ஆனால் ஒரே அளவில் நீளாது.

5. நிலைமாற்றம். ஐஸ் உருகும்போதும் நீர் ஆவியாகும்போதும் வெப்பநிலை ஏறாமலே பெரும் வெப்பம் உள்ளே போகிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

கூரை: பகலில் வருத்துவதும் இரவில் வருத்துவதும்

வடசென்னையில் கூரைகள் பொதுவாக நான்கு வகை. தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் சொல்லும் சிமென்ட் ஷீட், கான்கிரீட் தளம், பிறகு ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, ஜார்ஜ் டவுன் பக்கம் மிச்சமிருக்கும் மெட்ராஸ் டெரஸ். அதே பத்துக்குப் பத்து அறையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அரை மில்லிமீட்டர் தகரம் அந்த அறைக்கு ஏறக்குறைய 36 கிலோ வரும். அதை 30 டிகிரி உயர்த்த ஒரு யூனிட் கரண்டில் ஏழில் ஒரு பங்கு வெப்பம் போதும். ஆகவே வெயில் ஏறிய சில நிமிடங்களில் தகரம் கொதிக்க ஆரம்பித்துவிடும். மெல்லியது என்பதால் மேல்பக்கச் சூடு அப்படியே கீழ்ப்பக்கம் வரும். உள்ளே இருப்பவரின் தலைக்குமேல் 60 டிகிரியைத் தாண்டிய ஒரு பரப்பு அனல் வீசிக்கொண்டே இருக்கும். அறைக்குள் வெப்பமானி வைத்தால் காற்று 40 டிகிரி என்று காட்டலாம். உச்சந்தலையிலும் தோளிலும் படும் அந்த அனலை அது காட்டாது. ஃபேன் போட்டாலும் அனல் குறையாது, ஏனென்றால் கதிர்வீச்சைக் காற்று சுமந்து வருவதில்லை. ஆனால் சூரியன் இறங்கியதும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் தகரம் அடங்கிவிடும்.

கான்கிரீட் இதற்கு நேர் எதிர். ஐந்து அங்குலத் தளம் அதே அறைக்குச் சுமார் 2,800 கிலோ எடை. அதை 15 டிகிரி உயர்த்தவே 10 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும். காலையில் மெதுவாகத்தான் ஏறும். மேலே வாங்கிய சூட்டின் உச்சம் அடிப்பரப்புக்கு வந்து சேர மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். பிற்பகல் இரண்டு மணிக்கு மொட்டைமாடி உச்சத்தில் இருந்தால், சீலிங்கின் உச்சம் மாலை ஐந்து, ஆறு மணிக்கு. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில்தான் கூரை உள்பக்கம் கொடுக்க ஆரம்பிக்கிறது. இரவு முழுவதும் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

"ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் இந்த ஒப்பீட்டைப் பார்க்க வேண்டும். அந்த அறைக்குள் இருக்கும் காற்று முழுவதும் 33 கிலோதான். ஒரு டிகிரிக்கு அது பிடித்து வைக்கும் வெப்பத்தைப்போல் சுமார் 75 மடங்கைக் கான்கிரீட் தளம் பிடித்து வைக்கிறது. உள்காற்றை ஒருமுறை முழுக்க மாற்றினாலும் கூரை அதை மறுபடி சூடாக்கிவிடும். காற்று இரவெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தால்தான் பலன். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள, எதிர்ப்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிய அறைகளில் அந்த ஓட்டம் இருப்பதில்லை. அடுக்குமாடிகளில் கடைசி மாடியும், மாலை வெயில் அடிக்கும் மேற்குச் சுவர் வீடுகளும்தான் இதில் அதிகம் அவதிப்படுகின்றன. நடுமாடிகளுக்கு மேலே இன்னொரு வீடே நிழல்.

சிமென்ட் ஷீட் இரண்டுக்கும் நடுவில். தகரத்தைவிடச் சற்று மெதுவாக ஏறும், சற்று மெதுவாக இறங்கும். ஆனால் ஆறு மில்லிமீட்டர் கனம் எதையும் தடுக்கப் போதாது. வெயில் மழையில் கறுத்துப்போன பழைய ஷீட் புதியதைவிட அதிக வெயிலை விழுங்கும்.

மெட்ராஸ் டெரஸில் தேக்கு விட்டங்கள்மேல் சின்ன செங்கற்களைச் சாய்த்து நிறுத்தி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்து, அதற்குமேல் தட்டோடு பதிப்பார்கள். செங்கல் ஜல்லிக்குள் நுண்துளைகள் நிறைய, அதனால் கடத்துதிறன் குறைவு. மொத்தக் கனமும் அதிகம். பகலின் உச்சச் சூடு உள்ளே இறங்கத் தொடங்கும் முன்பே வெளியே பொழுது சாய்ந்துவிடும். இந்த வீடுகளின் உயரமான சீலிங்கைப் புகழ்பவர்கள் அதற்குமேல் இருக்கும் ஜல்லியை மறந்துவிடுகிறார்கள். பெரும் வேலை செய்வது அந்த ஜல்லிதான்.

கடல் ஏன் சூடேறுவதில்லை?

மே மாத நண்பகலில் திருவொற்றியூர்க் கரையில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. உலர்ந்த மணல் 50 டிகிரியை எளிதாகத் தாண்டும். பத்தடி தள்ளிக் கடல்நீர் 29, 30 டிகிரியில் இருக்கும். இரண்டின்மேலும் விழுவது ஒரே வெயில். காரணங்கள் நான்கு.

1. ஒரு கிலோ மணலைப்போல் ஐந்து மடங்கு வெப்பம் கொடுத்தால்தான் ஒரு கிலோ நீர் அதே ஒரு டிகிரி ஏறும்.
2. மணலில் வெயில் மேல்தோலில் நின்றுவிடும். நாலு விரற்கடை தோண்டினாலே சூடு குறைந்திருக்கும். கடலில் ஒளி பல மீட்டர் ஆழம் போகும்.
3. அலை மேல்நீரையும் கீழ்நீரையும் கலந்துகொண்டே இருக்கும்.
4. மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும்.

தரை சூடேற, அதன்மேல் உள்ள காற்று லேசாகி மேலே எழ, அந்த இடத்துக்குக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று வருகிறது. இதுதான் கடற்காற்று. மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக அடிக்கும் நாளில் இது தாமதமாகும். அப்படிப்பட்ட நாள்களில்தான் சென்னை 41, 42 டிகிரியைத் தொடுகிறது. காசிமேடு, எண்ணூர் ஓரத்துக்கு முதலில் வரும் காற்று, நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பெரம்பூர், கொடுங்கையூர் சேர நேரம் பிடிக்கும். அதுவும் சூடான ஷீட்டுகளையும் சாலைகளையும் தடவிக்கொண்டு, வேகம் குறைந்து, ஈரப்பதத்தோடு வரும்.

நீளும் இரும்பு, இளகும் தார்

ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்தக் காலத் தண்டவாளத்தில் துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டிருப்பார்கள். இரும்பு நீள இடம் வேண்டுமே. ஒரு கிலோமீட்டர் எஃகு 30 டிகிரி ஏறினால் 36 சென்டிமீட்டர் நீளும். "தடக் தடக்" சத்தம் அந்த இடைவெளிகளில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம்.

இன்றைய தண்டவாளங்கள் நெடுந்தூரம் ஒட்டவைக்கப்பட்டவை. இடைவெளியே இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், நீளவே விடுவதில்லை. நடுத்தரமான ஒரு வெப்பநிலையில் இழுவையோ அழுத்தமோ இல்லாதபடி தண்டவாளத்தைப் பூட்டிவிடுகிறார்கள். அதைவிட 20 டிகிரி ஏறினால், மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் ஒவ்வொன்றிலும் சுமார் 37 டன் எடைக்குச் சமமான அழுத்தம் உள்ளுக்குள் ஏறி நிற்கும். கான்கிரீட் கட்டைகளும் அவற்றைச் சுற்றிய கருங்கல் ஜல்லியும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஜல்லி குறைந்த இடத்தில் தண்டவாளம் பக்கவாட்டில் நெளியும். கடும் வெயில் நாள்களில் பாதைப் பணியாளர்கள் நடந்தே ரோந்து போவது இதைப் பார்க்கத்தான். வெயிலால் ரயில் வேகம் குறைக்கப்பட்டது என்ற செய்தி வந்தால் அதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

வீட்டுக்கூரையிலும் இது நடக்கும். மூன்று மீட்டர் தகர ஷீட் 40 டிகிரி ஏறினால் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். ஜே போல்ட் போகும் ஓட்டை போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்து, ரப்பர் வாஷர் வைத்திருந்தால் ஷீட் நகர இடம் இருக்கும். ஓட்டை இறுக்கமாக இருந்தால் தகரம் அந்த இடத்தில் கிழிபடும், சிமென்ட் ஷீட் விரியும், அடுத்த மழையில் அங்கேதான் ஒழுகும். சாயங்காலம் கூரையில் கேட்கும் "டப் டப்" சத்தம் ஷீட் சுருங்கி நழுவும் சத்தம்.

கான்கிரீட்டுக்குள் கம்பி வைத்துக் கட்ட முடிவது ஒரு நல்வாய்ப்பு. எஃகும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிகின்றன. கம்பிக்குப் பதில் அலுமினியம் வைத்திருந்தால் அது இரண்டு மடங்கு விரிந்து, தளத்தை உள்ளிருந்தே பிளந்திருக்கும்.

தாருக்கு உருகுநிலை என்று ஒன்று கிடையாது. ஐஸ்போல் ஒரே புள்ளியில் நிலைமாறாமல், சூடு ஏற ஏற இளகிக்கொண்டே போகும். மணலி சுத்திகரிப்பாலையில் கச்சா எண்ணெயை 350 டிகிரிக்கு மேல் சூடாக்கி உயர்ந்த கோபுரத்துக்குள் விடும்போது, கொதிநிலை குறைந்தவை ஆவியாகி மேலே போய்ப் பெட்ரோலாகவும் மண்ணெண்ணெயாகவும் டீசலாகவும் பிரியும். கடைசிவரை ஆவியாகாமல் அடியில் தங்கும் கனத்த பகுதியிலிருந்துதான் தார் வருகிறது. சாலைக்கு அதிகம் பயன்படும் தரத்துக்கு இளகுநிலை குறைந்தது 47 டிகிரி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. கறுத்த சாலைப்பரப்பு வெயிலில் அதைத் தாண்டிவிடும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் இடங்களில், ஓடும் இடங்களைவிடச் சக்கரத்தடம் ஆழமாகப் பதிய இதுவே காரணம். இளகிய தார் ஒரு கணம் தாங்கும், மணிக்கணக்கில் நிற்கும் எடையைத் தாங்காது.

காசிமேட்டு ஐஸும் எண்ணூர் அம்மோனியாவும்

மீனோடு ஐஸ் வைப்பவர்கள் கண்கூடாகப் பார்ப்பது இது: பெட்டியில் ஐஸ் இருக்கும்வரை மீன் கெடாது, உருகிக்கொண்டே இருந்தாலும் சில்லிப்பு மாறாது. 0 டிகிரி ஐஸ் ஒரு கிலோ உருகி 0 டிகிரி நீராக 334 கிலோஜூலை விழுங்குகிறது. வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறியிருக்காது. அதே அளவு வெப்பத்தைக் குளிர்ந்த நீருக்குக் கொடுத்திருந்தால் 80 டிகிரி ஏறியிருக்கும். ஐஸ் பாரை வெறும் குளிர்ந்த தண்ணீரால் ஈடுகட்ட முடியாது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

மீனின் உடலில் பெரும்பகுதி நீர். ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து 0 வரை இறக்கச் சுமார் 108 கிலோஜூலை வெளியே எடுக்க வேண்டும். ஏட்டுக்கணக்கில் ஒரு கிலோ ஐஸ் மூன்று கிலோ மீனுக்குப் போதும். ஆனால் பெட்டியின் பலகை வழியாக வெளிச்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் நம் மாதிரி வெப்பநாட்டில் மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் என்பதுதான் பாதுகாப்பான அளவு. ஐஸ் கட்டியை நொறுக்கிப் போடுவதிலும் காரணம் இருக்கிறது. நொறுக்கின ஐஸ் எல்லாப் பக்கமும் ஒட்டும். உருகிய நீர் மீனைத் தழுவிக்கொண்டு இறங்கும்போது, இடையில் காற்று புகுந்து வெப்பத்தைத் தடுப்பதில்லை.

அந்த ஐஸை உறையவைக்கும் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பயன்படுவது அம்மோனியா. அதன் கொதிநிலை மைனஸ் 33 டிகிரி. ஒரு கிலோ ஆவியாகும்போது 1,370 கிலோஜூலைச் சுற்றுப்புறத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும். உறையவைக்க இந்தக் குணம்தான் வேண்டும்.

ஆபத்தும் இதே குணத்தில்தான் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மீனவக் குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கப்பலிலிருந்து வரும் அம்மோனியா மைனஸ் 33-ஐ ஒட்டிய குளிரில் இருக்கும் திரவம். நம் கடலும் காற்றும் அதற்குக் கொதிக்கவைக்கும் அடுப்பு மாதிரி. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்து 30 டிகிரியில் வாயுவானால் கிட்டத்தட்ட 1,000 லிட்டர். அம்மோனியா வாயு காற்றைவிட லேசானது என்றாலும், கசிந்த வேகத்தில் குளிர்ந்து, ஈரத்தோடு சேர்ந்து பனிப்புகைபோல் தரையோடு பரவும். நீரில் மிக எளிதாகக் கரையும் என்பதால் கண், மூக்கு, தொண்டை ஈரத்தில் உடனே ஒட்டி எரிக்கும். அதே காரணத்தால்தான் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலகச் சொல்கிறார்கள். கரையோரக் குப்பங்களுக்கு இதை ஆண்டுதோறும் ஒத்திகை வைத்துச் சொல்லித்தர வேண்டும். மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவும் 2019 முதல் எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்குகிறது. அந்தக் குளிரில் சாதாரண எஃகு கண்ணாடிபோல் நொறுங்கிவிடும் என்பதால் தொட்டிகளுக்கு நிக்கல் கலந்த எஃகு பயன்படுத்துகிறார்கள்.

உடம்பும் ஒரு பொருள்தான்

ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 2,400 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் உடம்பைவிட்டுப் போகும். வழிந்து சொட்டும் வியர்வைக்கு இந்தப் பலன் கிடையாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். அதனால்தான் ஈரப்பதம் மிகுந்த 34 டிகிரி, வேலூரின் உலர்ந்த 39 டிகிரியைவிட மோசமாகத் தெரியலாம். செல்போனில் "உணரும் வெப்பநிலை" என்று தனியாக ஓர் எண் வருவது காற்றின் சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துப் போடும் கணக்கு. கூரையின் அனல் அதிலும் சேராது.

கூரைக்குக் கூரை மருந்து வேறு

1. தகரம், சிமென்ட் ஷீட். முதல் வேலை வெளிப்பக்கம் வெள்ளையடிப்பது. பழைய ஷீட் வெயிலில் எழுபது சதவீதத்துக்கும் மேல் விழுங்கும். புதிதாக அடித்த வெள்ளை இருபது, முப்பதுக்குள் நிற்கும். புதுத் தகரம் பளபளப்பாக இருக்கிறதே, அதுவே போதும் என்று விடக்கூடாது. பளபளப்பு வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பினாலும் வாங்கிய சூட்டை வெளியே வீசாது, வெள்ளை இரண்டையும் செய்யும். எண்ணூர், மணலி பக்கம் தூசியும் சாம்பலும் படிவதால் ஆண்டுக்கொரு முறையாவது கழுவியோ மறுபடி அடித்தோ ஆக வேண்டும்.

2. ஷீட்டுக்குக் கீழே சீலிங். அனலைத் தடுக்க இது நல்ல வழி, நடுவில் ஒரு சாண் காற்று ஓடினால் இன்னும் நல்லது. ஆனால் வெறும் தெர்மோகோல் 100 டிகிரியை ஒட்டி இளகிவிடும், தீப்பிடித்தால் உருகி எரிந்து சொட்டும். கேஸ் அடுப்புக்கு மேல் அதை வைக்கவே கூடாது.

3. கான்கிரீட் தளம். தடுப்பு எப்போதும் மேலே இருக்க வேண்டும். வெயில் தளத்துக்குள் நுழையும் முன்பே திருப்பிவிட வேண்டும். வெள்ளையடி, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம், வெள்ளைத் தட்டோடு, பந்தல் எது முடிகிறதோ அது. உள்ளே சீலிங் போடுவது அதற்கு அடுத்தபடிதான்.

4. தண்ணீர். பத்து லிட்டர் தண்ணீர் மாடியில் முழுவதும் ஆவியானால் ஆறரை யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பத்தை எடுத்துச்செல்லும். அதில் கணிசமான பங்கு தளத்திலிருந்தே போகும். வாளி வாளியாக ஊற்றி வழியவிடுவதைவிட, சாக்கை நனைத்து விரிப்பது சிக்கனம். ஆனாலும் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வரிசை வைக்கும் தெருவில் இந்த யோசனையைச் சொல்வது நியாயமாகாது. அங்கே சுண்ணாம்புதான் வழி.

கணக்கில் வராத இரவு

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இது நல்ல முடிவு. ஆனால் வெப்ப அலை எது என்பதற்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறை இருக்கிறது. கடலோர இடங்களில் உச்ச வெப்பநிலை குறைந்தது 37 டிகிரி இருக்க வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தின் வழக்கமான உச்சமே 37-ஐ ஒட்டி இருக்கிறது. அப்படியானால் 41, 42 டிகிரியைத் தொடும் நாள்தான் வெப்ப அலை நாள். "வெப்ப இரவு" என்று அறிவிக்கவும் அந்நாளின் பகல் 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும்.

கடற்காற்று உச்சத்தை 37, 38-இல் நிறுத்திவிடும் ஒரு சாதாரண மே நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வரையறைப்படி அன்று எதுவும் நடக்கவில்லை. கடைசி மாடியில் 2,800 கிலோ கான்கிரீட்டின் கீழ்ப் படுத்திருக்கும் கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் அன்று இரவு ஒரு மணிவரை சீலிங் அனல் வீசிக்கொண்டுதான் இருக்கும். மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே.

இதை அளப்பது கடினமில்லை. தொழிற்கூடங்களில் பயன்படுத்தும் தொடாமல் அளக்கும் வெப்பமானி ஒன்று ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் இருந்தால் போதும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டியது உதவாது, அது உடல்சூட்டின் எல்லைக்குள் மட்டும் வேலை செய்வது. ஏப்ரல் கடைசி வாரத்தில், சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வரும் நாள்களில், வாரியக் குடியிருப்புகளின் மேல்மாடிகளிலும் ஷீட் வீடுகளிலும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் கூரையின் அடிப்பரப்பை அளந்து எழுதி வைக்கலாம். எந்தப் பிளாக்குக்கு முதலில் வெள்ளையடிக்க வேண்டும், எங்கே இரவில் திறந்து வைக்கும் ஓய்விடம் தேவை என்ற பட்டியல் அந்த ஒரு வாரத்திலேயே கையில் இருக்கும். அக்னி நட்சத்திரம் தொடங்க அதற்குப் பிறகும் சில நாள் மிச்சம் இருக்கும்.